இருமல்காரர் உட்கார்ந்திருந்த அறை

ரயில்வே சரக்கு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதர், தான் ஒரு நாள்கூடக் கால் வைக்காத ஓர் அறையைத்தான் ஓயாமல் வரைந்துகொண்டிருந்தார். மலை, கடல், அந்தி வானம் என்று வாட்டர்கலர் என்கிற தண்ணீர்ச் சாயத்தைக் கையில் எடுத்தவர்கள் வழக்கமாக வரைகிற எதையும் அவர் தொட்டதில்லை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மேலே மின்விசிறி, மூலையில் சொட்டுகிற குழாய், அதன் கீழே வாளி, தகரக் கூரை, சுவரோரம் ஒரு பெஞ்சு, பெஞ்சில் ஓர் ஆண். திரும்பத் திரும்ப இதுவேதான். ஜன்னல் மட்டும் ஒரு படத்தில் இடது பக்கம் இருக்கும், அடுத்த படத்தில் வலது பக்கம் போயிருக்கும். நாற்காலி எப்போதும் காலி.

"ஏன்டா, ஒரு பூ, ஒரு கிளி வரையக் கூடாதா? இந்த ஆபீஸ் ரூமைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஒரு பென்ஷன் குடுக்கலாம்," என்பாள் அவருடைய அக்கா. புருஷன் போன பிறகு, கல்யாணமே செய்துகொள்ளாத தம்பியோடு வந்து தங்கியவள். மனசு தங்கம்தான், ஆனால் எங்கே போனாலும் வாய்தான் முதலில் போய்ச் சேரும். அவரோ தூரிகையைக் கிண்ணத்தில் அலசிக்கொண்டே இருப்பார்.

சாயப்பெட்டி அவர் கைக்கு வந்ததே ஒரு வேடிக்கை. ஓய்வு பெற்ற புதிதில், போக இடமில்லாமல் தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஸ்டேஷனரி கடையில் ஒதுங்கினார். மழை விடுகிற வழியாக இல்லை. கடைக்காரர் முறைக்க ஆரம்பித்தார். சும்மா நிற்கக் கூச்சப்பட்டு, கைக்கு எட்டிய பெட்டி ஒன்றை எடுத்து, "இதைக் குடுங்க," என்றுவிட்டார். வீட்டுக்கு வந்து பிரித்தால் சாயம்! வாங்கியதை வீணாக்க மனசு வரவில்லை. தாளை நனைத்து நீலத்தைத் தொட்டு வைத்தார். அது அவரைக் கேட்காமலே பரவியது. வெளியே மழை இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில், வருஷக்கணக்காகப் போனுக்குள்ளே கேட்ட ஒரு தகரக் கூரை ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அவரை விடவே இல்லை.

போன் என்றால் என்ன போன் என்று சொல்லிவிட வேண்டும். ஒரு சரக்கு ரயில் கிளம்பினால் அதில் என்னென்ன வேகன், எதில் என்ன சரக்கு, எதை எங்கே கழற்ற வேண்டும் என்பதை அடுத்த பெரிய ஸ்டேஷனுக்குப் போனில் வாசிக்க வேண்டும். அங்கே ஒருவர் எழுதிக்கொண்டு, சரிபார்க்கத் திருப்பி வாசிப்பார். நம்மவருடைய உத்தியோகம் அதுதான். ரயில்வேக்குள்ளேயே ஓடுகிற போன் அது, வெளியாள் அதில் பேச முடியாது. மறுமுனையில் எழுதிக்கொண்டவள் ஒரு பெண்.

"எழுதிக்கிறீங்களா மேடம்?" என்று இவர் ஆரம்பிப்பார்.

"சொல்லுங்க சார்," என்பாள் அவள்.

இளமையில் தொடங்கிய இந்தப் பேச்சு தலை நரைக்கும் வரைக்கும் ஓடியது. வேகன் எண்களுக்கு நடுவே கிடைத்த இடுக்கில்தான் மற்றதெல்லாம். "இங்க நல்லாக் கொட்டுது சார். இன்னும் கொஞ்ச நேரத்துல உங்க பக்கம் வந்துடும். குடை வச்சிருக்கீங்களா?" என்பாள். சொன்னபடி மழை வரும். இவர் ரயிலை அனுப்புவார், அவள் மழையை அனுப்புவாள். ஒரு நாள் அவள் எண்ணைத் தப்பாக வாசித்தால், "மேடம், ராத்திரி தூங்கலையா?" என்று கேட்பார். "இல்ல சார்," என்பாள். ஏன் தூங்கவில்லை என்று இவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு முழுவதும் இவருக்குச் சோறு இறங்காது.

இதற்குக் காதல் என்று யாராவது பேர் வைத்திருந்தால் இரண்டு பேருமே போனைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். ஆனால் அது காதல்தான், வேறென்ன? வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வந்தால், ஊர் உலகமெல்லாம் சந்தோஷப்படும்போது, இந்த ஒரு மனிதருக்கு மட்டும் மூஞ்சி தொங்கிப்போகும்.

நேரில் போய்ப் பார்த்தால் என்ன, ஒரு மணி நேரப் பிரயாணம், அதுவும் ரயில்வேக்காரருக்கு ஓசியில்தானே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். போகாததற்குக் காரணம் ஓர் இருமல்.

அவள் பேசும்போது பின்னால் ஓர் ஆண் இருமுவது கேட்கும். அடித்தொண்டையிலிருந்து வரும் கனத்த இருமல். இருமல் வந்ததும் அவள் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி ஏதோ சொல்வாள். வார்த்தை புரியாது. ஆனால் அந்தக் குரலில் இருந்த பரிவு, பொத்திய விரல்களையும் தாண்டி வந்துவிடும். அப்படியொரு குரலில் ஒரு பெண் வேறு யாரோடு பேசுவாள்? புருஷனும் அதே ஆபீசில் வேலை பார்க்கிறான் போலிருக்கிறது என்று இவர் முடிவு கட்டிவிட்டார். ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்! வீட்டில் பெண் பார்க்கட்டுமா என்று கேட்டபோதெல்லாம், "பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் பார்க்கலாம் என்றே அப்பா அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள், தலையும் நரைத்துப்போனது.

கடைசி நாளைக்கு மட்டும் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார். ஓய்வு பெறுகிறவர்தான் அன்றைய கடைசி ரயிலைப் போனில் வாசிக்க வேண்டும், மற்றவர்கள் சுற்றி நின்று கைதட்டுவார்கள். அந்த ஆபீசில் அப்படி ஒரு வழக்கம். வாசித்து முடித்ததும், "இத்தனை வருஷம் உங்க குரல்தான் மேடம் எனக்குத் துணை," என்று சொல்லிவிடுவது என்று ஒரு வாரமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். என்றைக்கு ஓய்வு என்பதை அவளிடம் முன்கூட்டியே சொல்லியும் இருந்தார். அந்த நாளும் வந்தது. போனை எடுத்தார். "எழுதிக்கிறீங்களா மேடம்?" என்றார்.

"மேடம் இன்னிக்கு லீவு சார். நான் எழுதிக்கிறேன், சொல்லுங்க," என்றது எவனோ ஒரு புதுப் பையனின் குரல்.

வாசித்தார். வைத்தார். கைதட்டினார்கள். பாராட்டுக் கூட்டத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள், பேசினார். தெரிந்தும் லீவு போட்டிருக்கிறாளே, ஒரு "போய்ட்டு வாங்க" சொல்லக்கூட நான் லாயக்கில்லையா? அந்தக் கேள்விதான் அவரை விடாமல் அரித்தது. கேட்கவும் வழியில்லை. மறுநாளிலிருந்து அவர் வெளியாள்.

ஆகவே வரைந்தார். காதில் விழுந்ததை வைத்துத்தான் அறையைக் கட்டினார். மின்விசிறி சுற்றுக்குச் சுற்று 'டக்' என்னும், எனவே ஓர் இறக்கை வளைந்திருக்க வேண்டும். சொட்டுகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும், எனவே கீழே வாளி. மேஜை இழுப்பறை முரண்டு பிடிக்கும், எனவே பழைய மரம், மழைக்கு ஊதிப்போனது. அவளை மட்டும் வரைய வரவில்லை. முகம் தெரியாது, தெரியாத முகத்தை வைத்து அந்தக் குரலை அசிங்கப்படுத்த மனசு வரவில்லை. காலி நாற்காலியின் மேல் வெளிச்சம் விழுகிற மாதிரி தாளை வெள்ளையாக விட்டுவிடுவார். தண்ணீர்ச் சாயத்தில் வெள்ளை என்று தனியாக வைப்பதில்லை, தொடாமல் விட்ட இடம்தான் வெள்ளை. தொடாமல் விடுவதில் அவருக்குச் சொல்லியா தர வேண்டும்!

பெஞ்சில் இருந்த இருமல்காரரோடுதான் பெரிய போராட்டம். முதலில் வந்த படங்களில் அந்த ஆளுக்குச் சரிந்த தொப்பை, திருட்டு முழி. ஒரு நாள் காலையில் காப்பியும் கையுமாகப் படத்தைப் பார்த்தவருக்கு அவமானமாகிவிட்டது. 'அவ புருஷன் உனக்கு என்னடா செஞ்சான்?' என்று தன்னையே திட்டிக்கொண்டு, அடுத்த படத்தில் நல்ல சட்டை போட்டுவிட்டார். அதற்கடுத்ததில் மீசையைத் திருத்தினார். போகப் போக இருமல்காரர் மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். அழகு கூடக் கூட இவருக்குத்தான் வயிறு எரிந்தது. இவரோ சவரம் செய்வதையே விட்டு, தாடி வளர்த்துக்கொண்டு பெஞ்சுக்காரனை அலங்காரம் செய்துகொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் டீக்கடை அம்மா வீட்டுக்கு வந்தாள். சரக்கு ஆபீசுக்குள்ளேயே ஓரமாக அடுப்பு போட்டு எல்லோருக்கும் டீ ஊற்றியவள். அக்காவுக்குச் சிநேகிதி, வாய்க்கு வாய் சரியான ஜோடி.

"என்ன சார் இது, தாடியும் மூஞ்சியும்? சாப்பிடறீங்களா இல்லையா?" என்று வந்ததும் வராததுமாக அதட்டினாள். பிறகு அக்காவோடு ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, போகிற போக்கில் சொன்னாள்: "அடுத்த ஸ்டேஷன் மேடமும் இந்த வாரத்தோட ரிடையராம். போன்லயே ஆயுசு போச்சுன்னு ஆபீஸ்ல எல்லாரும் பேசிக்கிட்டாங்க."

தூரிகை தாளின் மேலேயே நின்றுவிட்டது. நல்ல சட்டையின் மேல் கறுப்பு பெரிதாகப் பரவியது. டீக்கடை அம்மா கவனிக்கவில்லை. அக்கா கவனித்துவிட்டாள். விருந்தாளி வாசலைத் தாண்டும் வரை வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பதே அதிசயம்.

"யாருடா அந்த மேடம்?"

"போன்ல பேசறவங்கக்கா. பழக்கம், அவ்வளவுதான்."

"அவ ரூமா இது?"

அவர் துணியால் கறுப்பை ஒற்றியெடுக்க ஆரம்பித்தார்.

"இந்த மீசைக்காரன் யாரு?"

"அவங்க வீட்டுக்காரர்."

"அவ சொன்னாளா?"

"சொல்லணுமா? இருமல் கேட்குமேக்கா."

அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இருமல் கேட்டுச்சாம்! அடப் பாவி மனுஷா! ஒருத்தன் இருமினான்னு இவர் கல்யாணமே பண்ணிக்கலையாம். வெளில சொன்னா சிரிப்பாங்கடா," என்றவளுக்கு, சிரிப்பதற்குப் பதில் கண் கலங்கிவிட்டது. "புருஷன்னாலும் சரி, பிள்ளைகுட்டி பெத்திருந்தாலும் சரி. போய் ஒரு வார்த்தை பேசிட்டு வா. இந்த வாரம் போனா, அப்புறம் அவ எந்த ஊரோ, எந்தத் தெருவோ. நீ இந்த ரூமை வரைஞ்சே சாகப்போற."

மறுநாள் காலை ரயிலில் போனார். ஒரு படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். இருமல்காரர் மிகவும் லட்சணமாக வந்திருந்த படம். கணவர் எதிரே இருந்தால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்தார். என்ன மனிதரோ!

சரக்கு ஆபீஸ் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், தண்டவாளங்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வாசலுக்கு வருவதற்கு முன்பே குரல் கேட்டது. யாருக்கோ வேகன் எண்களைத் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் போனை வைக்கும் வரைக்கும் நின்று கேட்டார். எத்தனை நாள் பசி! பிறகு உள்ளே போனார்.

அறை அவர் வரைந்த மாதிரி இல்லவே இல்லை. ஜன்னல் இடதும் இல்லை, வலதும் இல்லை, நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. குழாய் அறைக்கு வெளியே. பெஞ்சு மட்டும் சுவரோரம் கிடந்தது. அதில் ஆள் இல்லை, கட்டுக் கட்டாய்க் காகிதம். நாற்காலியில் கண்ணாடி போட்ட, நரைத்த, கொஞ்சம் பூசினாற்போன்ற ஒரு பெண்.

"யாரு சார் வேணும்?"

ரயிலில் வரும்போது நாலு விதமாக யோசித்து வைத்திருந்தார். ஒன்றும் வாய்க்கு வரவில்லை. பழக்கத்தில் வந்தது ஒன்றுதான்.

"எழுதிக்கிறீங்களா மேடம்?"

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். நன்றாகப் பார்ப்பதற்காக இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார்.

"சொல்லுங்க சார்," என்றாள், கண்ணைத் திறக்காமலே. சற்று நேரம் கழித்துத்தான் திறந்தாள். "தாடி வச்சுட்டீங்களா?"

"எனக்குத் தாடி இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உக்காருங்க சார், டீ சொல்றேன்," என்று எழுந்து காகிதக் கட்டுகளை நகர்த்தி பெஞ்சில் இடம் செய்தாள். கையில் என்ன என்று கேட்டாள். பிரித்துக் காட்டினார். போனில் கேட்டதை வைத்து வரைந்தது, தப்பிருக்கும் என்று சொன்னார். அவள் படத்தில் மின்விசிறியைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், சிரித்தாள். "இந்த இழுப்பறை இன்னும் அப்படித்தான் சார் இருக்கு." பிறகு விரல் பெஞ்சில் வந்து நின்றது. "இது யாரு?"

"உங்க வீட்டுக்காரர். அவர் இருமல் கேட்கும். எப்படி இருக்காரு?"

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து படத்தைப் பார்த்தாள்.

"அது எங்கப்பா சார். அம்மா போனப்புறம், இழுப்பு நோயோட அவரை வீட்ல தனியா விட முடியல. காலையில கூட்டிட்டு வந்து இந்த பெஞ்சுல உக்கார வச்சுக்குவேன். ஆபீஸ்ல யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்கு எங்க சார் கல்யாணம்? அப்பாவைப் பார்க்கவே சரியாப் போச்சு. போன வருஷம் போயிட்டாரு."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை காலமும் யார்மேல் பொறாமைப்பட்டுச் செத்தோம் என்பது இப்போதுதான் உறைத்தது.

"உங்க வீட்ல நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள் அவள். பேச்சை மாற்றுகிறாள் என்று தெரிந்தது.

"யாரு?"

"நம்ம பேசிக்கிட்டு இருக்கறப்போ தினம் பின்னால அதட்டுவாங்களே. 'எப்போதான் சாப்பிடப் போறீங்க, ஆறி அவலாப் போகுது'ன்னு."

"அது டீக்கடைக்காரம்மா மேடம்! அந்தம்மா ஸ்டேஷன் மாஸ்டரையே அப்படித்தான் அதட்டும்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. வெளியே ஏதோ என்ஜின் முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா சொல்லிக்கிட்டே இருந்தாரு," என்றாள் மெதுவாக. "'பெண்டாட்டியா இருந்தா இவ்வளவு சத்தமா ஆபீஸ்ல அதட்ட மாட்டா, போய்ப் பாரும்மா'ன்னு. அதான் வந்தேன்."

"எங்க வந்தீங்க?"

"உங்க ஸ்டேஷனுக்கு. நீங்க ரிடையரான அன்னிக்கு. லீவு போட்டுட்டு வந்தேன்."

அவர் படத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"கூட்டத்துல பின்னால நின்னேன். நீங்க நாலு வார்த்தை பேசினீங்க, அதுல கண்டுபிடிச்சேன். கிட்ட வரலாம்னு ரெண்டடி வச்சேன். உங்க பக்கத்துல ஒரு அம்மா இருந்தாங்க. உங்க காலரை இழுத்து சரி பண்ணாங்க. நீங்க குழந்தை மாதிரி குனிஞ்சு குடுத்தீங்க. ஓ, இவங்கதான்னு நினைச்சுக்கிட்டேன். அடுத்த ரயில்லயே திரும்பிட்டேன். அப்பாகிட்ட கூட்டமா இருந்துச்சு, பார்க்க முடியலன்னு பொய் சொன்னேன்."

"அது அக்கா," என்றார் அவர். "மேடம், அது எங்கக்கா. என் கூடப் பிறந்த அக்கா." அதற்கு மேல் முடியவில்லை. அந்த வயசில், ஆபீஸ் அறையில், பட்டப்பகலில் தேம்பித் தேம்பி அழுதார். லீவு போட்டுவிட்டாளே என்று குமைந்துகொண்டிருந்த அந்த நாளில், நாலடி தூரத்தில் நின்றிருக்கிறாள்! அவளும் அழுதாள். போன் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க," என்று எடுத்து, ஒரு ரயில் முழுவதையும் எழுதிக்கொண்டு, தப்பில்லாமல் திருப்பி வாசித்தாள். உத்தியோகம் உத்தியோகம்தானே. அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் எங்கிருந்து வருகிறது என்று ஆயுசில் முதல் தடவையாகத் தெரிந்தது.

சாயங்கால ரயிலுக்கு அவளே பிளாட்பாரம் வரை வந்தாள். இந்த வாரக் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறாளாம். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் பிடிக்கிற தூரம். சாமான்களை ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது. இனி அண்ணியின் சமையலறை, அண்ணியின் சாவிக்கொத்து. குறை சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னாள். இன்றைக்குக் கிடைத்தது இன்றைக்கே போகிறது.

ரயில் வந்து நின்றது. அவள் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"அண்ணன் வீட்டு போன் நம்பர் எழுதித் தரேன் சார். எப்பவாவது பேசுங்க."

"வேணாம் மேடம்," என்றார். "போன்ல பேசின வரைக்கும் போதும். வீடு எங்கன்னு சொல்லுங்க, நான் வரேன்."

அவள் கை அப்படியே நின்றது. கார்டு விசில் ஊதினார். ஏறச் சொல்லி யாரோ அவரை உள்ளே இழுத்தார்கள். கதவுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவள் கூடவே நடந்தபடி தெருவைச் சொன்னாள், தெருமுனையைச் சொன்னாள், வீட்டின் நிறத்தைச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். ரயில் வேகம் எடுத்தது. அவளால் நடக்க முடியவில்லை, நின்றுவிட்டாள். நின்ற இடத்திலிருந்து, அந்த வயசுக்கு ஆகாத சத்தத்தில் கத்தினாள்:

"வர்றப்போ அக்காவையும் கூட்டிட்டு வாங்க!"